குளிர்பெட்டியில் நொதித்த சோயா: தெம்பே முதல் டோயன்ஜாங் வரை ஒரு பாதுகாப்பு மதிப்பீடு

சிங்கப்பூரின் பேரங்காடிகளில் நொதித்த சோயாப் பண்டங்களுக்கு இப்போது தனி அடுக்கே கிடைத்துவிட்டது. வாழையிலையிலோ பிளாஸ்டிக் உறையிலோ பொதிந்த தெம்பே, மூன்று சிறு டப்பாக்களாகக் கட்டிய ஜப்பானிய நாட்டோ, பழுப்புப் பெட்டிகளில் கொரிய டோயன்ஜாங், வெள்ளையும் சிவப்புமாக மிசோ விழுது, உப்புநீரில் ஊறும் சீன நொதித்த டோஃபு ஆகியவற்றோடு, சற்றுத் தள்ளிச் சோயா சாஸ் வரிசையும் இருக்கிறது. இவற்றின் சுவையைப் பற்றியும் சத்துகளைப் பற்றியும் எழுதுபவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்த மதிப்பீட்டில் நான் எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி: பயோஜெனிக் அமீன்கள் எனப்படும் வேதிப்பொருள்களின் கோணத்திலிருந்து பார்த்தால், இந்த அடுக்கிலிருந்து யார் எதை நம்பி எடுக்கலாம், யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் காரணம் உண்டு. காசநோய்க்கு மருந்து உட்கொள்ளும் மூத்தவர் ஒருவருக்காகவும் நான் சமைக்கிறேன். அவருடைய மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியாசிட்டின் தகவல் தாளில், டைரமின், ஹிஸ்டமின் என்ற இரண்டு பயோஜெனிக் அமீன்கள் மிகுந்த உணவுகளில் எச்சரிக்கை தேவை என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் உணவுப் பொட்டலம் எதிலும் அந்த இரண்டு சொற்களும் இல்லை. மருந்துத் தாளுக்கும் உணவு லேபிளுக்கும் இடையிலுள்ள இந்த வெற்றிடத்தை, வாங்குபவரே தம் அறிவைக்கொண்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிறுவனப் பெயர்களை நான் குறிப்பிடவில்லை. ஒரே ஆலையின் ஒரே பண்டத்தில்கூடத் தொகுதிக்குத் தொகுதி அமீன் அளவு வெகுவாக மாறக்கூடும் என்பதால், ஒரு பொட்டலத்தை வைத்து ஒரு நிறுவனத்தைப் புகழ்வதோ குறை சொல்வதோ வாசகரைத் தவறான நம்பிக்கைக்கோ தேவையற்ற அச்சத்துக்கோ இட்டுச் செல்லும். எனவே பண்டத்தின் வகையையும், அது செய்யப்படும் முறையையும், லேபிள் எவ்வளவு சொல்கிறது என்பதையுமே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

சோயா புரதம் மிகுந்த பயறு. உலர்ந்த பயற்றின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம்தான். நொதிக்கும்போது பூஞ்சையும் பாக்டீரியாவும் அந்தப் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. மிசோவிலும் சோயா சாஸிலும் நாம் விரும்பும் ஆழ்ந்த சுவை அங்கிருந்துதான் வருகிறது. அதே அமினோ அமிலங்களிலிருந்து கார்பாக்சில் தொகுதியைக் கழற்றிவிடும் நொதிகள் சில பாக்டீரியாக்களிடம் உண்டு. அவை இருந்துவிட்டால் ஹிஸ்டிடின் ஹிஸ்டமினாகவும், டைரோசின் டைரமினாகவும், லைசின் கடாவரினாகவும், ஆர்னிதின் புட்ரெசினாகவும் மாறும். சுவையும் அமீனும் ஒரே மூலப்பொருளிலிருந்து பிறப்பதால், நீண்ட காலம் நொதித்து ஆழ்ந்த சுவை பெற்ற பண்டத்தில் அமீன் சேர்வதற்கான வாய்ப்பும் கூடுதலாகவே இருக்கிறது. ஆயினும் காலம் மட்டுமே விதியை எழுதுவதில்லை. எந்த நுண்ணுயிர் உள்ளே நுழைந்தது, உப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஒரே உளுந்தும் அரிசியும் அரைத்த இட்லி மாவு சித்திரை வெயிலில் ஒரு விதமாகவும் மார்கழிக் குளிரில் வேறு விதமாகவும் பொங்குவதை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது, உருவான அமீனைச் சமையல் அழிப்பதில்லை என்பது. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும் ஹிஸ்டமின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கொதி நீரில் செத்துப்போவது அதை உருவாக்கிய பாக்டீரியா மட்டுமே. ஆலையில் சூடாக்கி நுண்ணுயிரைக் கொல்லும் பாஸ்ச்சுரைசேஷனும் இனிமேல் அமீன் கூடாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சேர்ந்ததை அகற்றாது. மூக்கும் நாக்கும்கூட இங்கே நம்பத்தக்க காவலர்கள் அல்ல. நாட்டோவின் வாசனை கடுமையானது என்பதால் அதில் ஹிஸ்டமின் அதிகம் என்று பொருளில்லை. இனிய மணமுள்ள சோயா சாஸில் டைரமின் குறைவு என்றும் பொருளில்லை.

உடலுக்குள் இவற்றைச் சிதைக்க இரண்டு நொதிகள் முதன்மையாக உள்ளன. சிறுகுடலில் டைஅமீன் ஆக்சிடேஸ் ஹிஸ்டமினைக் கவனித்துக்கொள்கிறது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமீன் ஆக்சிடேஸ் டைரமினைச் சிதைக்கிறது. இந்த இரண்டும் நன்றாக இயங்கும் உடலில் சாதாரண அளவு அமீன் ஒன்றும் செய்வதில்லை. அளவு மீறினாலோ நொதி தளர்ந்தாலோ, ஹிஸ்டமினால் முகம் சிவத்தல், தலைவலி, தோலில் தடிப்பு, படபடப்பு ஆகியவை தோன்றும். டைரமின் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினை வெளியேற்றி இரத்த அழுத்தத்தை உயர்த்தும். புட்ரெசினும் கடாவரினும் தாமாகப் பெரிய தீங்கு செய்யாவிட்டாலும், டைஅமீன் ஆக்சிடேஸின் வேலையில் குறுக்கிட்டு ஹிஸ்டமினின் விளைவைக் கூட்டக்கூடும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் நொதித்த உணவுகளின் அமீன்கள் பற்றி வெளியிட்ட கருத்துரையே இன்றும் எனக்குத் தெளிவான வழிகாட்டியாக இருக்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு வேளை உணவில் 50 மி.கி. ஹிஸ்டமின் வரை தீய விளைவு காணப்படவில்லை என்றும், மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் மருந்து எதையும் உட்கொள்ளாதவருக்கு டைரமின் 600 மி.கி. வரை தாங்கும் என்றும் அது சொல்கிறது. அதே டைரமினுக்கு, அந்த நொதியைத் தடுக்கும் மருந்துகளில் புதிய தலைமுறையைச் சேர்ந்தவற்றை உட்கொள்வோருக்கு 50 மி.கி., பழைய வகை மருந்துகளை உட்கொள்வோருக்கு வெறும் 6 மி.கி. என்று எல்லை சுருங்குகிறது. ஹிஸ்டமின் ஒவ்வாதவர்களுக்கோ கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே இருப்பதே பாதுகாப்பு என்று அந்த ஆணையம் முடிவு செய்தது. 600-க்கும் 6-க்கும் உள்ள இந்த இடைவெளியை மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான், ஒருவருக்கு நல்ல உணவாக இருப்பது இன்னொருவருக்கு ஏன் ஆபத்தாகிறது என்பது விளங்கும்.

இந்த மருந்துகளின் வரலாறும் காசநோயோடு பின்னிப் பிணைந்தது. ஐசோனியாசிட்டின் நெருங்கிய உறவான ஐப்ரோனியாசிட் என்ற மருந்து, 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, அவர்களுடைய மனநிலை வியக்கத்தக்க வகையில் உயர்ந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் மனச்சோர்வு மருந்துகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அவற்றை உட்கொண்டவர்கள் பாலாடைக்கட்டி சாப்பிட்டதும் இரத்த அழுத்தம் சீறி எழுவதை 1963-இல் இங்கிலாந்தின் பேரி பிளாக்வெல் மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். முதிர்ந்த பாலாடைக்கட்டியைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை அன்றிலிருந்து உலகெங்கும் பரவியது. நம் பக்கத்து மேசைகளில் பாலாடைக்கட்டியைவிட மிகுதியாகப் புழங்கும் நொதித்த சோயாவுக்கு, அதே அழுத்தத்தோடு எச்சரிக்கை எழுதப்படவில்லை என்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

ஐசோனியாசிட் மோனோஅமீன் ஆக்சிடேஸைச் சிறிதளவும், டைஅமீன் ஆக்சிடேஸையும் தடுக்கிறது. ஆகவே அதை உட்கொள்பவருக்கு இரண்டு நொதிகளும் ஒரே நேரத்தில் தளர்ந்திருக்கின்றன. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் பயன்படும் லைனசோலிட்டும் மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுக்கும் இயல்புடையது. ஒரு வேளை உணவில் 100 மி.கி. டைரமினுக்கு மேல் போகக்கூடாது என்று அதன் தகவல் தாள் சொல்வதோடு, சோயா சாஸைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, ஒரு தேக்கரண்டியில் 5 மி.கி. இருக்கக்கூடும் என்ற கணக்கையும் தருகிறது.

இனி அடுக்குக்கு வருகிறேன்.

தெம்பேயே இந்த வரிசையில் நான் மிகுந்த மனநிறைவோடு பரிந்துரைக்கும் பண்டம். ஜாவாவில் தோன்றிய இந்த உணவில், தோல் நீக்கி ஊறவைத்து வேகவைத்த சோயாவின் மேல் ரைசோபஸ் பூஞ்சையைத் தூவி, ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒன்றிலிருந்து இரண்டு நாள் வரை வைக்கிறார்கள். பூஞ்சையின் வெள்ளை இழைகள் பயறுகளை ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. காலம் குறுகியது, பூஞ்சை விரைவாக இடம்பிடித்துக்கொள்வதால் மற்ற நுண்ணுயிர்களுக்கு வாய்ப்புக் குறைவு, ஊறவைக்கும் நீர் புளித்து அமிலத்தன்மை பெறுவதும் வேண்டாத பாக்டீரியாக்களை அடக்குகிறது. ஆனால் தெம்பேயில் உப்பு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. மிசோவையும் சோயா சாஸையும் காக்கும் உப்பு என்ற அரண் இங்கே கிடையாது. ஆகவே நொதித்தல் முடிந்த பிறகு குளிர்ச்சியே அதற்கு ஒரே காவல்.

ஈரச்சந்தையில் வாழையிலை மடிப்பில் வெளியே அடுக்கி வைத்து விற்கும் தெம்பே, அதிகாலையில் வந்ததாக இருந்தால் மணத்திலும் கடிபதத்திலும் பேரங்காடிப் பொட்டலத்தைத் தோற்கடிக்கிறது. விலையும் இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்குள்தான். மாலை வரை வெப்பத்தில் கிடந்த மடிப்போ வேறு பொருள். பூஞ்சை இன்னும் உயிரோடு இருப்பதால் அது தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு புரதத்தைச் சிதைத்துக்கொண்டே போகும். அம்மோனியா நெடி எழுந்தால் அது அளவு கடந்து முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். சாம்பல் நிறமோ கரும்புள்ளியோ மட்டும் இருந்தால் அது பூஞ்சையின் வித்துகளே. அதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஜாவாவில் வேண்டுமென்றே முதிர வைத்த தெம்பேயைக் கொண்டு சம்பால் தும்பாங் செய்யும் மரபு உண்டு. சுவையில் அது தனித்தன்மை கொண்டது என்பதில் ஐயமில்லை. ஐசோனியாசிட் உட்கொள்பவருக்கு அதை நான் பரிமாற மாட்டேன்.

பேரங்காடியின் குளிர்பெட்டித் தெம்பேயில் தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் தெளிவாக இருக்கின்றன. அதை வாங்கிய அன்றே வெட்டி ஆவியில் வேகவைத்து உறைவிப்பானில் இட்டுவைப்பது என் வழக்கம். ஆவி பூஞ்சையையும் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் கொன்று நொதித்தலை அங்கேயே நிறுத்துகிறது. உறைநிலை, எஞ்சியவை வேலை செய்யாமல் பார்த்துக்கொள்கிறது. இங்குள்ள தமிழ் வீடுகளில் பயற்றங்காயோடு தெம்பேயைப் பிரட்டுவது பழகிய சமையல்தான். இந்தியன் ரோஜாக் தட்டில் பொரித்த தெம்பே இல்லாவிட்டால் பலருக்கு அது முழுமையாகாது. நூறு கிராம் வரை ஒரே வேளையில் உண்ணப்படும் பண்டம் என்பதால், இது புதிதாக இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இந்தோனேசியாவில் தேங்காய்ப் பிண்ணாக்கில் செய்யும் தெம்பே போங்க்ரெக், போங்க்ரெக் அமிலம் என்ற வேறொரு கொடிய நஞ்சால் பல உயிர்களைப் பறித்து 1988-இல் தடைசெய்யப்பட்டது. அதையும் சோயாத் தெம்பேயையும் குழப்பிக்கொண்டு அஞ்சுபவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது வேறு மூலப்பொருள், வேறு பாக்டீரியா, வேறு நஞ்சு.

டோயன்ஜாங் இந்த அடுக்கின் மறுமுனையில் நிற்கிறது, அதுவும் சுவையில் தலைசிறந்ததாக. ஜாங் எனப்படும் கொரியாவின் நொதித்த சோயா விழுது, சாஸ் வகைகளின் செய்முறையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமைக்கு அது முற்றிலும் தகுதியானது. வேகவைத்துப் பிசைந்த சோயாவைக் கட்டிகளாக்கிக் காயவிட்டு, காற்றிலும் வைக்கோலிலும் உள்ள நுண்ணுயிர்கள் குடியேற விட்டு, பிறகு உப்புநீரில் ஊறவைத்து, நீரைச் சோயா சாஸாகப் பிரித்தெடுத்து, எஞ்சிய விழுதை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் முதிர வைப்பது மரபு முறை. எந்த நுண்ணுயிர் வரும் என்பதை இயற்கையின் கையில் விடுவதால்தான் வீட்டுக்கு வீடு சுவை வேறுபடுகிறது. அமீன் அளவு வேறுபடுவதற்கும் அதுவே காரணம். டைரமின் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிகளிலிருந்து, கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிய மாதிரிகள் வரை ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. என்டரோகாக்கஸ் இனப் பாக்டீரியாக்கள் டைரமினைத் தாராளமாக உண்டாக்குபவை என்பதும் அறியப்பட்டதே.

கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகும். ஒருவருக்கான டோயன்ஜாங் குழம்பில் ஏறத்தாழ 20 கிராம் விழுது சேரும். கிலோவுக்கு 500 மி.கி. டைரமின் உள்ள விழுதாக இருந்தால் தட்டில் வந்து சேர்வது 10 மி.கி. ஆரோக்கியமானவருக்கு அது 600-இல் ஒரு துளி. கவலைப்பட எதுவும் இல்லை. ஃபெனெல்சின், ட்ரானைல்சிப்ரோமின் போன்ற பழைய வகை மருந்து உட்கொள்பவருக்கோ 6 மி.கி. என்ற எல்லை அந்த ஒரு கிண்ணத்திலேயே கடந்துவிடும். அத்தோடு கொரியச் சாப்பாடு ஒரு கிண்ணத்தோடு நிற்பதில்லை. நெத்திலி மீன் சாஸ் சேர்த்த கிம்ச்சி, உப்பிட்டு நொதித்த கடலுணவு, சோயா சாஸில் ஊறிய துணைக்கறி என்று ஒரே மேசையில் வரும் அனைத்தின் அமீனும் கூடித்தான் உடலைச் சேரும். பண்டங்களைத் தனித்தனியாக மதிப்பிடும் என்னைப் போன்றவர்களின் கணக்கு இந்த இடத்தில் எப்போதும் குறைவாகவே காட்டும் என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுக்கில் இரண்டு வகை டோயன்ஜாங் கிடைக்கிறது. சோயா, உப்பு, நீர் என்ற மூன்றை மட்டும் பொருள்பட்டியலில் காட்டும் மரபு வகை ஒன்று. கோதுமையும் தேர்ந்தெடுத்த பூஞ்சையும் சேர்த்து ஆலையில் குறைந்த காலத்தில் செய்து, மேலும் நொதிக்காமலிருக்கச் சிறிதளவு ஆல்கஹால் கலந்து அடைத்த வகை மற்றொன்று. பொருள்பட்டியல் குறுகியதாக இருந்தால் உணவு நல்லது என்ற எண்ணம் இன்று பரவியிருக்கிறது. பல உணவுகளில் அது சரியும்கூட. இங்கே அந்த அளவுகோல் உதவாது. தேர்ந்தெடுத்த நுண்ணுயிரைக் கொண்டு கட்டுப்பாட்டோடு நொதித்த விழுதில் அமீன் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுவைக்காக நான் முதல் வகையைத்தான் விரும்புகிறேன். எங்கள் வீட்டு மூத்தவரின் சிகிச்சைக் காலத்தில் இரண்டுமே அவருடைய தட்டுக்குப் போவதில்லை.

சீன நொதித்த டோஃபு, இங்கே ஃபூ யூ என்று கேட்டு வாங்கப்படுவது, அளவில் சிறியது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சதுரம் போதும். டோஃபுவின் மேல் பூஞ்சை வளர்த்து, உப்பிட்டு, மதுவும் சில வகையில் பூஞ்சையால் சிவந்த அரிசியும் சேர்த்த நீரில் மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். முதிர்ந்த பாலாடைக்கட்டிக்கு மிக நெருங்கிய பதமும் சுவையும் கொண்ட இப்பண்டத்தை, மருந்து உட்கொள்வோர் முதிர்ந்த பாலாடைக்கட்டியாகவே கருத வேண்டும். நான் பார்த்த குப்பிகளில் உப்பின் அளவு அச்சிட்டிருந்தது. எத்தனை மாதம் ஊறியது என்பது எதிலும் இல்லை. மற்றவர்களுக்கு இதில் அமீனைவிட உப்பே பெரிய கவலை.

நாட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டியது சற்றே வேறு. வேகவைத்த சோயாவில் பாசில்லஸ் சப்டிலிஸ் வகைப் பாக்டீரியாவை விதைத்து, 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒரு நாளுக்குள் முடித்துவிடுகிறார்கள். விதைப்பது தேர்ந்தெடுத்த ஒற்றை நுண்ணுயிர், காலம் மிகக் குறுகியது என்ற இரண்டும் அதற்குச் சாதகம். ஆனாலும் சில பண்டங்களில் குறிப்பிடத்தக்க டைரமின் கண்டறியப்பட்டிருப்பதால் முழு நம்பிக்கை வைக்க இயலாது. ஜப்பானிய உறையில் 10 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று அச்சிட்டிருக்கிறது. இங்கே நாட்டோ பெரும்பாலும் உறைந்த நிலையில் இறங்கி, கடையில் உருகிக் குளிர்பெட்டிக்கு வருகிறது. இறக்குமதியாளர் ஒட்டும் சீட்டு சில வேளை அசல் தேதியின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. உருகிய நாளும் அசல் தேதியும் சேர்ந்து தெரிந்தால்தான் வாங்குபவருக்குப் பயன். அமீனோடு தொடர்பில்லாததாயினும் இதைச் சொல்லாமல் நாட்டோவைப் பரிந்துரைக்க என் மனம் ஒப்பவில்லை: அதில் வைட்டமின் கே மிக அதிகம்; இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் நாட்டோவைத் தொடக்கூடாது.

மிசோவில் வெள்ளை வகை சில வாரங்களில் முதிர்வது, இனிப்பானது. சிவப்பு வகை ஓராண்டும் அதற்கு மேலும் முதிர்வது. ஜப்பானின் ஐச்சி மாநிலத்தின் ஒகாசாகியில் செய்யும் ஹாட்சோ மிசோ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மரத்தொட்டிகளில் கிடக்கிறது. எச்சரிக்கையோடு தொடங்க விரும்புபவர் வெள்ளை மிசோவை எடுக்கலாம். பேரங்காடியில் கிடைத்தவற்றில் லேபிள் ஒழுங்கிலும் இதுவே முன்னணியில் இருந்தது. தேதி, சேமிப்பு வெப்பநிலை, அரிசி மிசோவா பார்லி மிசோவா என்ற விவரம் எல்லாம் தெளிவாக இருந்தன.

சோயா சாஸை எல்லோரும் துணைப்பொருளாக மட்டும் எண்ணுவதால் அதன் கணக்கு தப்பிவிடுகிறது. மரபு முறையில் சோயாவும் கோதுமையும் பூஞ்சை ஏறிய பின், 16 முதல் 18 விழுக்காடு உப்புள்ள நீரில் ஆறு மாதமோ அதற்கு மேலோ கிடக்கின்றன. அவ்வளவு உப்பிலும் வாழும் டெட்ராஜெனோகாக்கஸ் என்ற பாக்டீரியா நறுமணத்துக்குத் துணை செய்கிறது. அதன் சில ரகங்கள் ஹிஸ்டமினையும் உண்டாக்குகின்றன. ஹிஸ்டமின் உண்டாக்காத ரகத்தைத் தேர்ந்து விதைப்பதே இதற்கு ஆலைகளிடமுள்ள நல்ல தீர்வு. மருந்துத் தாள் சொல்லும் தேக்கரண்டிக்கு 5 மி.கி. என்ற கணக்கை எடுத்துக்கொண்டால், மீ கோரெங் ஒரு தட்டிலும் பக்கத்தில் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்திலும் சேர்ந்து மூன்று தேக்கரண்டி எளிதாகப் போய்விடும். அது 15 மி.கி. லைனசோலிட்டின் 100 மி.கி. எல்லைக்குள் அது அடங்கும். பழைய வகை மனச்சோர்வு மருந்தின் 6 மி.கி. எல்லையை இரண்டு மடங்குக்கு மேல் மீறும்.

மலிவான சோயா சாஸ்கள் சில, நொதித்தல் இல்லாமல் அமிலத்தால் புரதத்தைச் சிதைத்துச் செய்யப்படுகின்றன. நுண்ணுயிர் வேலை செய்யாததால் அமீன் பிரச்சினை அங்கே குறைவு. அதைக் கேட்டு அவற்றுக்குத் தாவ நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அமிலச் சிதைவின்போது 3-எம்சிபிடி என்ற வேறொரு மாசு உருவாகக்கூடும். அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சோயா சாஸில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று கடுமையான எல்லை வகுத்திருக்கிறது. ஒரு தொல்லைக்கு அஞ்சி இன்னொன்றை வாங்குவதைவிட, நல்ல நொதித்த சாஸைக் குறைவாக ஊற்றிக்கொள்வதே மேல்.

கடையின் சேவையையும் மதிப்பிட வேண்டும். நான் வாங்கும் பேரங்காடியில் குளிர்பெட்டிகள் முன்புறம் திறந்தவை. உள்ளே ஆழத்தில் வைத்த பொட்டலம் நன்கு குளிர்ந்திருக்க, விளிம்பில் இருப்பது தொட்டாலே வித்தியாசம் தெரிகிறது. உப்புள்ள மிசோவுக்கு அது பெரிதில்லை. உப்பில்லாத தெம்பேக்குப் பெரிது. தெம்பேயை விளிம்பிலும் மிசோவை உள்ளேயும் அடுக்கியிருப்பது தலைகீழான ஏற்பாடு. பணியாளரிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டு, உள்ளேயிருந்து புதிய தேதியுள்ள பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கனிவு பாராட்டுக்குரியது. ஆனால் அடுக்கும் முறையை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

பெரிய குறை கடைக்கும் மேலே இருக்கிறது. மீனில் ஹிஸ்டமினுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் கிலோவுக்கு 200 மி.கி. என்று பாதுகாப்பு எல்லை வைத்திருக்கிறது. மீன் சாஸுக்கு 400 மி.கி. நொதித்த சோயாவுக்கு அப்படியொரு பொது எல்லை கிடையாது. மீனில் நச்சுத்தன்மை விரைவாகவும் கூட்டமாகவும் வெளிப்படுவதால் சட்டம் அங்கே முதலில் வந்தது என்பது புரிகிறது. ஆனால் தினமும் உண்ணப்படும் ஒரு பண்டத்தில், தொகுதிக்கொரு பரிசோதனையும், "மோனோஅமீன் ஆக்சிடேஸ் தடுப்பு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்கவும்" என்ற ஒரு வரியும் கோருவது மிகையான எதிர்பார்ப்பாகாது. ஒவ்வாமைக்காகக் கோதுமையையும் சோயாவையும் தடித்த எழுத்தில் அச்சிடும் லேபிளில் அந்த ஒரு வரிக்கு இடம் நிச்சயம் உண்டு.

மருந்து ஏதும் உட்கொள்ளாத, ஹிஸ்டமின் ஒவ்வாமை இல்லாத வாசகருக்கு இந்த அடுக்கு முழுவதும் திறந்தே இருக்கிறது. தேதி பார்த்து, குளிர்ச்சி பார்த்து, எல்லாவற்றையும் ஒரே மேசையில் மதுவோடு குவிக்காமல் உண்டால் போதும். மதுவும் டைஅமீன் ஆக்சிடேஸைத் தளர்த்தும். நொதித்த சோயா சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவப்பதும் தலை வலிப்பதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், எந்தப் பண்டம், எவ்வளவு, கூட என்ன என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லலாம். காசநோய் மருந்தில் இருப்பவர் புதிய தெம்பேயைச் சிறிதளவு உண்பது பற்றித் தம் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு முடிவு செய்யட்டும். டோயன்ஜாங்கையும் நொதித்த டோஃபுவையும் சிகிச்சை முடியும் வரை ஒதுக்கிவைப்பதே என் பரிந்துரை. ஃபெனெல்சின், ட்ரானைல்சிப்ரோமின் உட்கொள்பவர்கள் இந்த அடுக்கையே கடந்து செல்ல வேண்டும். அந்த மருந்துகள் நொதியை மீளாத வகையில் முடக்குவதால், உடல் புதிய நொதியை உண்டாக்கிக்கொள்ளும் வரை, மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரங்களுக்கு அதே உணவுக் கட்டுப்பாடு தொடர வேண்டும்.